வாங்கினவன் பட்டியல் இருக்கு, கொடுத்தவன் பட்டியல் எங்கே?

வருஷா வருஷம் ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆனால் போதும், ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல்காரர்கள் ஊழல் பட்டியலை வெளியிட்டு விடுவார்கள். மறுநாள் பேப்பரில் வரும். டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகப் படிப்பார். இன்னொருத்தர் "இதுலயாவது முதலிடம் வந்தமா?" என்பார். சிரித்துவிட்டுக் கலைந்து போவோம். 2024-க்கான பட்டியலில் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 96வது இடம், நூற்றுக்கு 38 மார்க். அமெரிக்காவுக்கு 65. 38 வாங்கின பையன் 65 வாங்கின பையனைப் பார்ப்பது மாதிரி நாமும் அண்ணாந்து பார்க்கிறோம்.

அந்த மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று எத்தனை பேர் பார்த்திருப்போம்? பல அமைப்புகள் எடுத்த கணிப்புகளைச் சேர்த்துப் போடும் மார்க் அது. தொழிலதிபர்களும் நிபுணர்களும் "இந்த நாட்டு அரசுத் துறையில் லஞ்சம் எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்ற கேள்விக்குச் சொன்ன பதில்தான் அடிப்படை. அதாவது நினைப்பு. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாலு காணி பயிர் வைத்திருப்பவரையோ, வில்லியனூர் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாவையோ யாரும் கேட்கப் போவதில்லை. பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. 38-க்கு மேல் நமக்குக் கொடுத்திருந்தால் எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும் :-) ஆனால் அது வாங்குகிறவன் நாட்டுப் பட்டியல். கொடுக்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது, தெரியுமா? அதே அமைப்புதான் போட்டது. 1999-ல் ஆரம்பித்து 2002, 2006, 2008, 2011 என்று ஐந்து தடவை. எந்த நாட்டுக் கம்பெனிகள் வெளிநாட்டில் போய் லஞ்சம் கொடுக்கும் என்ற கணிப்பு. 2006-ல் 30 நாடுகளில் 30வது இடம் நமக்குத்தான், அதனால் நாம் பரம யோக்கியர்கள் என்று மார் தட்ட முடியாது. 2011-க்குப் பிறகு அந்தப் பட்டியல் வரவில்லை. வாங்குகிறவன் பட்டியல் மட்டும் தவறாமல் வருகிறது.

ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு நாள் நிற்கும் என்று புதுச்சேரிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974-ல் நாடாளுமன்றத்தை ஆட்டிவைத்த விவகாரத்தின் பெயரே "பாண்டிச்சேரி லைசென்ஸ் ஊழல்". யானம், மாஹே வியாபாரிகளுக்கு இறக்குமதி லைசென்ஸ் கேட்டு 21 எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டதாக ஒரு மனு. பெரும்பாலானவர்கள் "அது என் கையெழுத்தே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். மாட்டினவர் பீகார் எம்.பி. துல்மோகன் ராம். லைசென்ஸ் கொடுத்தது டெல்லி. ஆனால் பெயர் மட்டும் பாண்டிச்சேரிக்கு! இங்கே வில்லியனூரில் நெல் அவித்துக்கொண்டிருந்தவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

ஒரு அரசாங்கம் போடுகிற சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். பாகூர் கொம்யூன் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கடலூர் மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கும். இந்த வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு தமிழ்நாடு. தமிழ்நாட்டில் மதுவுக்கு என்ன வரி, என்ன கட்டுப்பாடு என்பதை வைத்துத்தான் முள்ளோடையில் எத்தனை பிராந்திக்கடை என்பது முடிவாகும். சட்டம் போடுவது சென்னையில், கடை முளைப்பது இங்கே. பெட்ரோல் பங்க்குக்கும் இதே கணக்கு. இதையே வாஷிங்டன் வரைக்கும் நீட்டினால் நான் சொல்ல வந்த கதை வரும்.

2007 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் டவ் கெமிக்கல் கம்பெனிமேல் ஒரு உத்தரவு போட்டது. (ஆமாம், போபால் யூனியன் கார்பைடை 2001-ல் வாங்கின அதே டவ்.) டவ்வுக்கு இந்தியாவில் டிஇ-நோசில் என்று ஒரு துணைக் கம்பெனி இருந்தது. பூச்சிமருந்துக் கம்பெனி. 1996-லிருந்து 2001 வரைக்கும் அது இந்திய அதிகாரிகளுக்குக் கொடுத்த முறையற்ற பணமும் பரிசும் சுமார் 2 லட்சம் டாலர் என்றது ஆணையம். அதில் சுமார் 39,700 டாலர் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தில் இருந்த ஒரு அதிகாரிக்கு. எதற்கு? பிரைட், நியூரெல், டர்ஸ்பான் என்ற மூன்று மருந்துகளின் பதிவைச் சீக்கிரம் முடித்துத் தர. பணம் நேராகப் போகவில்லை. ஒப்பந்தக்காரர்கள் பில்லில் இல்லாத செலவை ஏற்றிக் காட்டி, அந்த வழியாகப் போனது.

பெரிய மனிதர்கள் கதை, நமக்கென்ன என்று தோணும். எனக்கும் அந்த 39,700 பெரிசாகப் படவில்லை. டெல்லியில் கொடுத்தார்கள், டெல்லியில் வாங்கினார்கள். என்னை உட்கார வைத்தது அடுத்த வரிதான். மாநில அளவில் பூச்சிமருந்து இன்ஸ்பெக்டர்களுக்குக் கொடுத்தது 87 ஆயிரம் டாலருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் நூறு டாலருக்கும் குறைவு.

அன்றைக்கு டாலர் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் இருந்திருக்கும். நூறு டாலருக்குக் கம்மி என்றால் அதிகபட்சம் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். இப்படிச் சில்லறை சில்லறையாகக் கொடுத்து 87 ஆயிரம் டாலர் சேர வேண்டுமென்றால் எத்தனை தடவை, எத்தனை ஊர் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் வேலை என்ன என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1968 பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி அவர் உரக்கடைக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து, அலமாரியில் இருக்கிற மருந்தில் மாதிரி எடுக்கலாம். எடுத்ததை மூன்று பாகமாகப் பிரித்து சீல் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். லேபிளில் போட்ட அளவுக்குச் சரக்கு உள்ளே இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். இல்லையென்றால் விற்பனையை நிறுத்தலாம், வழக்குப் போடலாம். விவசாயிக்கும் போலி மருந்துக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஆள் அவர்தான். அமெரிக்க ஆணையம் சொன்னது இன்னொரு பக்கம். மாதிரி சரியில்லை என்று பொய்யாக எழுதிவிட்டால் நல்ல மருந்தையே விற்க விடாமல் நிறுத்த முடியும், அந்தப் பயத்தில்தான் கம்பெனிகள் கொடுத்தன என்று. மிரட்டிப் பிடுங்கினதா, விரும்பிக் கொடுத்ததா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். எப்படி இருந்தாலும் விளைவு ஒன்று. கொடுத்தவன் சரக்கைச் சோதிக்கிற கைக்கு விலை வந்துவிட்டது. நல்ல சரக்குக்கும் கொடுக்க வேண்டும் என்றால், கெட்ட சரக்குக்காரன் கொடுக்காமலா இருந்திருப்பான்?

எங்கள் சித்தப்பா ஒருத்தர் பாகூர் பக்கம் பயிர் வைக்கிறவர். ஒரு சம்பா பட்டத்தில் புகையான் இறங்கி, வயலில் வட்டம் வட்டமாகக் கருகிவிட்டது. அவரிடம் இந்த டவ் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதான் மூணு தபா அடிச்சும் ஒண்ணும் ஆவல."

"இல்ல சித்தப்பா, அது வேற கம்பெனி, வேற வருஷம்."

"எந்தக் கம்பெனியா இருந்தா என்னாப்பா? டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துன்னு கடைக்காரன் சொல்றான். கேக்கலன்னா மூணு மூடி ஊத்துன்றான். மருந்து நல்லா இருக்கா இல்லியான்னு எனக்கு யார் சொல்றது?"

அவருக்கு எந்தக் கம்பெனி எந்த அதிகாரிக்குக் கொடுத்தது என்பது கணக்கே இல்லை. வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல் மூணாவது தடவை அடித்தவர் அவர். மருந்துச் செலவு, ஆள் கூலி, போன நெல்... எந்த உத்தரவிலும் இந்த வரி வராது.

பூச்சிமருந்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே நமக்குச் சும்மா வரவில்லை. 1958-ல் கேரளாவில் கப்பலில் உணவுப் பொருளோடு வந்த பரத்தியான் மருந்து கலந்து, சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு விசாரணை நடந்து, பத்து வருஷம் கழித்து வந்த சட்டம் அது. அந்தச் சட்டம் உண்டாக்கின மேஜையில்தான் 39,700 டாலர் வைக்கப்பட்டது.

இப்போது அபராதத்துக்கு வருவோம். டவ் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 3,25,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. அந்தப் பணம் எங்கே போனது? அமெரிக்க அரசாங்கத்துக்கு! லஞ்சம் கொடுத்தது இந்தியாவில், வாங்கினது இந்தியாவில், மருந்து அடித்தது இந்திய வயலில். அபராதம் மட்டும் வாஷிங்டனில். நம்ம சிபிஐ இதைக் கையில் எடுத்ததே அமெரிக்க உத்தரவு வெளியே வந்த பிறகுதான். அதாவது ஃபரிதாபாத்தில் இருக்கிற நம்ம பதிவுக் குழுவில் என்ன நடந்தது என்பதை, டவ் தன் நாட்டு ஆணையத்திடம் போய்ச் சொன்ன கணக்கிலிருந்துதான் நாம் தெரிந்துகொண்டோம்.

இன்னொரு உறுத்தல். டர்ஸ்பான், நியூரெல் இரண்டிலும் இருப்பது குளோர்பைரிபாஸ். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கவலையில் 2000 ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏறக்குறைய எல்லா வீட்டு உபயோகத்திலிருந்தும் விலக்க ஏற்பாடு செய்தது. அந்த 1996-2001க்குள்தான் இங்கே பதிவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது வீடு, இது வயல், இரண்டும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே வீட்டுக்கு ஆகாது என்றது இங்கே வந்தால், இன்னும் ஒரு தடவை உற்றுப் பார்க்க வேண்டிய இடம் பதிவுக் குழுதானே? அந்த இடத்தில் "சீக்கிரம்" என்பதை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். ஐரோப்பா 2020-ல் அதைத் தடை செய்தது. 2025-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்த மாநாட்டில் உலக அளவில் ஒழிக்க வேண்டிய ரசாயனங்கள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள், சில விலக்குகளோடு.

இதற்கு நடுவில் நம்ம வரப்புக் கூத்து வேறு. 2022-23-ல் தமிழக அரசு தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. குளோர்பைரிபாஸும், அதோடு சைபர்மெத்ரின் கலந்ததும் அந்த ஆறில் உண்டு. நிரந்தரமாகத் தடை போட மாநிலத்துக்கு அதிகாரம் கிடையாது, அது மத்திய அரசு கையில். தமிழக ஆணை வரப்போடு நின்றுவிடும், பாகூருக்கு வராது. கடலூர்க்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரை மைல் வந்தால் போதும். பிராந்திக்கு வருகிறவர் மருந்துக்கு வரமாட்டாரா?

சரி, அமெரிக்காக்காரன் எதற்கு இதைத் தோண்டினான்? நம்மேல் பாசமா? கிடையாது. லாக்ஹீட் விமானக் கம்பெனி ஜப்பான் வரை போய் லஞ்சம் கொடுத்து, முன்னாள் பிரதமர் டனாகா 1976-ல் கைதாகி, உலகமே சிரித்த பிறகு 1977-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அமெரிக்கக் கம்பெனி வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தால் அமெரிக்காவில் குற்றம் என்று. அப்போது ஐரோப்பா என்ன செய்துகொண்டிருந்தது? ஜெர்மனியில் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவுக் கணக்கில் காட்டி வரிச்சலுகை வாங்கலாம்! நம்ம பழைய எஜமானர் பிரான்சிலும் அதே கதைதான். ஓஇசிடி நாடுகளின் லஞ்ச எதிர்ப்பு ஒப்பந்தம் 1999-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தக் கடையை மூடினார்கள். ஊழல் பட்டியல் 1995-லேயே வர ஆரம்பித்துவிட்டது என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். கொடுத்ததற்கு வரிக்கழிவு தந்த நாடுகள் நல்ல மார்க்கோடு மேலே இருந்தன.

சென்னை ஆட்களுக்குப் பக்கத்து உதாரணம் காக்னிசன்ட். சென்னையில் கட்டின பெரிய வளாகத்துக்குத் திட்ட அனுமதி வாங்க, தமிழக அதிகாரிகளுக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடு செய்ததாக வழக்கு. 2019 பிப்ரவரியில் கம்பெனி 2 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி முடித்தது. அதுவும் அமெரிக்காவுக்கே. (2024 நவம்பரில் வந்த சூரிய மின்சார வழக்கைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது, சம்பந்தப்பட்ட குழுமம் மறுத்தும் ஆகிவிட்டது. அதை இங்கே இழுக்கவில்லை.)

இப்போது அந்த வாசலும் பாதி சாத்தியாகிவிட்டது. 2025 பிப்ரவரி 10-ம் தேதி அதிபர் டிரம்ப் அந்தச் சட்டத்தின் கீழ் புது வழக்குகளை 180 நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார். அமெரிக்கக் கம்பெனிகளின் போட்டித் திறனைக் கெடுக்கிறதாம். ஜூனில் புது வழிகாட்டுதல் வந்தது. அமெரிக்க நலனுக்கு நேரடியாக அடி விழுகிற வழக்குகளுக்கு முன்னுரிமை, சில்லறை விஷயங்களை விட்டுவிடலாம் என்ற தோரணை. காக்னிசன்ட் முன்னாள் மேலதிகாரிகள் இரண்டு பேர்மேல் இருந்த குற்ற வழக்கையும் அரசுத் தரப்பே 2025 ஏப்ரலில் கைவிட்டது. இனிமேல் நூறு டாலருக்குக் கம்மியான இன்ஸ்பெக்டர் கணக்கெல்லாம் எந்த உத்தரவில் வரப்போகிறது?

"நம்ம நாட்டு விஷயத்தை அமெரிக்காக்காரன் எதுக்குப் பாக்கணும், போனது நல்லதுதான்" என்று ஒரு கோஷ்டி சொல்லும். எனக்கும் அதில் பாதி சம்மதம். மீதிப் பாதிக்கு நம்ம வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. ஓஇசிடி ஒப்பந்தத்தில் நாம் இல்லை. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை 2011 மே மாதம் ஏற்றோம். அந்த வருஷமே வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்க ஒரு மசோதா மக்களவைக்கு வந்தது. 2014-ல் அவை கலைந்ததோடு அதுவும் காலாவதி. 2018 திருத்தத்தில் இங்கே லஞ்சம் கொடுக்கிற கம்பெனியையும் தண்டிக்கலாம் என்று வந்தது, நல்ல விஷயம். ஆனால் நம்ம ஊர்க் கம்பெனி கொழும்பிலோ கென்யாவிலோ போய்க் கொடுத்தால் கேட்க நேரடியாக ஒரு சட்டம் இல்லை. அங்கேயும் ஒரு சித்தப்பா மூணாவது டேங்க் அடித்துக்கொண்டுதான் இருப்பார், இந்திய மருந்தை.

டெல்லி எப்போது சட்டம் போடும், வாஷிங்டன் எப்போது முழுக்கக் கதவைச் சாத்தும் என்பதெல்லாம் நம்ம கையில் இல்லை. கையில் இருப்பது 2005 தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய், 30 நாள். வேளாண் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை கடைகளில் பூச்சிமருந்து மாதிரி எடுத்தீர்கள்? எத்தனை மாதிரி தரம் குறைந்தது என்று வந்தது, எந்தக் கம்பெனி, எந்த பேட்ச்? அந்த பேட்ச் கடையிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டதா, அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டதா? இவ்வளவுதான். லஞ்சம் என்ற வார்த்தையே மனுவில் கிடையாது.

கடலூர், விழுப்புரம் பக்கம் இருக்கும் பதிவர்கள் யாராவது இதே கேள்விகளை உங்கள் வட்டாரத்துக்கும் போட முடியுமா? ஒரே பேட்ச் வரப்புக்கு அந்தப் பக்கம் ஃபெயில், இந்தப் பக்கம் பாஸ் என்று வந்தால் பார்க்கச் சுவாரஸ்யமாக இருக்கும். மனுவை அப்படியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் பின்னூட்டத்தில் கேளுங்கள், அனுப்புகிறேன். சித்தப்பா நாலாவதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொல்கிறார்: "எத்தினி மூடி ஊத்தணும்னு அதுலயே கேட்டுருப்பா."

சேர்த்துவிட்டேன்.